எல்லா வீட்டு ரேடியோவிலும் என் சீழ்க்கை

விளக்கை எடுக்கத்தான் கை நீட்டினேன். மின்சாரம் எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாத நாட்கள். அதனால் தேங்காயெண்ணெய் விளக்கு எப்போதும் ரேடியோப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அன்று சாயங்காலம் ரேடியோவில் ஒரு ஜப்பானியப் பாட்டு. பாட்டுக்கு அடியில், வழக்கம்போல, மெல்லியதாக ஒரு சீழ்க்கை. என் விரல்கள் விளக்கை நெருங்க நெருங்க அந்தச் சீழ்க்கை மேலே ஏறியது. கையைப் பின்னால் இழுத்தேன். இறங்கியது. மறுபடி நீட்டினேன். ஏறியது. பெட்டியை நான் தொடவே இல்லை.

"அண்ணி! சீக்கிரம் வாங்களேன்!"

அண்ணி மரவள்ளிக்கிழங்கு சீவிய ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள, வெளக்க எடுக்கப் போனவ அபிநயம் புடிச்சிட்டு நிக்கிற?"

"காது குடுத்துக் கேளுங்க. என் கையோட பேசுது."

"கையோட அது பேசட்டும். வாய்க்குக் கெழங்கு வேகணும். வெளக்கக் கொண்டா."

விளக்கைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பி வந்தேன். அன்று கிழங்கில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தொடாமல் வாசிக்கக்கூடிய ஒரு வாத்தியம் இத்தனை நாளாக எங்கள் வீட்டு மேசையில் இருந்திருக்கிறது, நாங்கள் அதன் மேல் விளக்கு வைத்திருக்கிறோம்! அதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

இதையெல்லாம் எழுதிவைப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று அண்ணன் சொல்வார். அதனால்தான் யார் பெயரும் இதில் இல்லை. ஆனால் எழுதாவிட்டால் எந்தக் கம்பிச் சுருளுக்கு எத்தனை சுற்று என்பதுகூட எனக்கு மறந்துபோகும். மறந்தால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை.

மலாக்காவில், காஜா பெராங்கில், எங்கள் வீட்டில் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். அண்ணன் யுத்தத்துக்கு முன்னால் தந்தி வேலையில் இருந்தவர். ஜப்பான்காரர்கள் வந்ததும் ரேடியோக்களைப் பதிவு செய்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் அவரை உட்கார வைத்தார்கள். ஊரில் யார் வீட்டில் ரேடியோ இருந்தாலும் அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அண்ணன் பின்பலகையைத் திறந்து, வெளிநாட்டுச் செய்தி கேட்கிற சிற்றலைச் சுருளை வெட்டி எடுப்பார். பிறகு ஒரே ஒரு நிலையம் மட்டும் கேட்கிற மாதிரி முள்ளை நிறுத்தி, அசைக்க முடியாமல் முத்திரை வைத்து அனுப்புவார். மலாக்காவில் இருந்த ரேடியோ எல்லாம் அப்படி ஒரே நிலையத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த விஷயம்தான் பின்னால் என்னை மாட்டிவிட்டது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நான் சீனியர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கான்வென்ட் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. பரீட்சையும் போயிற்று. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அண்ணனுடைய பழைய ரேடியோப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படித்தேன். ஒரு பத்திரிகையில் ஒரு படம் இருந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் ஒரு பெட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் காற்றில் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கீழே, அவர் காற்றில் கையசைத்து இசை எழுப்புகிறார் என்று இரண்டே வரி. எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. படித்தபோது நம்பவில்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அந்தப் படத்தைத் தேடியெடுத்து மறுபடி பார்த்தேன். அவர் பெட்டி வேறு, என் பெட்டி வேறு; ஆனால் ஏதோ உறவு இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. எங்கள் ரேடியோ பழைய மாதிரி. நிலையம் மங்கலாக இருந்தால் சத்தத்தைக் கூட்ட அதில் தனியாக ஒரு குமிழ் உண்டு. அதை அளவாகத் திருப்பினால் பாட்டு தெளிவாகும். அளவு மீறினால் ரேடியோ தானே ஒரு அலையைக் கிளப்ப ஆரம்பித்துவிடும். நிலையத்தின் அலை ஒன்று, எங்கள் பெட்டியின் அலை ஒன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒன்றல்ல. சுருதி சேராத இரண்டு தம்பூராத் தந்திகளை மீட்டினால் நடுவில் ஒரு அதிர்வு அலைகிறதே, அதுமாதிரி அந்த வித்தியாசம்தான் சீழ்க்கையாகக் கேட்டது. கையைக் கொண்டுபோனால் எங்கள் பெட்டியின் அலை கொஞ்சம் நகரும். வித்தியாசம் மாறும். சுருதி மாறும்.

சாயங்காலம், அண்ணன் வேலையிலிருந்து திரும்புவதற்கு முன்னால், பழக ஆரம்பித்தேன். ஏரியல் கம்பியின் ஒரு துண்டை மேசைக்கு மேலே செங்குத்தாக நிறுத்தினேன். கை நின்ற இடத்தில் ஒரு சுரம் கிடைத்தால் அதற்கு நேர்கீழே மேசை விளிம்பில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. ச, ரி, க, ப, த, மேல் ச. ஆறு கோடு. மோகனம். நானாக ராகம் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த நிலையத்தில் வருகிற பிள்ளைகள் பாட்டில் பாதி மோகனத்தில்தான் இருந்தது, அது காதிலேயே ஊறிப்போயிருந்தது. சுரத்தில் நிற்பதுதான் கஷ்டம். மூச்சு விட்டால்கூடக் கை ஆடும், சுருதி நழுவும். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிறபோது, அடடா, கான்வென்ட் பியானோ ஏழு ஜென்மம் எடுத்தாலும் அப்படி வழுக்காது.

"ஆம்பளக் கொரலா பொம்பளக் கொரலா இது?" என்று அண்ணி கேட்டார்.

"ரெண்டும் இல்ல அண்ணி."

"அப்ப பசிச்ச பூனக் கொரலு."

சொன்னாரே தவிர, கிழங்கு சீவும் பலகையை என் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். காந்தாரம் தவறினால் தலையைத் தூக்காமலே "எறக்கு, எறக்கு" என்பார். அப்போது அவருக்கு ஆறாம் மாதம்.

பக்கத்து வீட்டு மக்சிக், தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன மலாக்கா செட்டிக் குடும்பம். மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாரோங், வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயில். ஆனால் தமிழ் வராது, எங்களோடு மலாயில்தான் பேசுவார். ஒரு நாள் சாயங்காலம் வேலி ஓரமாக வந்து, கண்ணை உருட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அடா ஹந்து டாலாம் ரேடியோ."

ரேடியோவுக்குள் பேய் இருக்கிறதாம். பாட்டு நடக்கும்போதே குறுக்கே வந்து அழுகிறதாம். ஏறுகிறதாம், இறங்குகிறதாம். ரேடியோ முன்னால் சாம்பிராணிகூடப் போட்டுப் பார்த்துவிட்டாராம்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே பயந்திருப்பார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் சீழ்க்கை சுவர் தாண்டிப் போகிறது! அவர்கள் ரேடியோவும் அதே நிலையத்தில் பூட்டப்பட்டது. அதனால் என் பெட்டியின் அலை அங்கேயும் போய் அதே வித்தியாசத்தை, அதே சுருதியை உண்டாக்குகிறது. அந்தப் பேய் எந்தப் பாட்டு பாடியது, நன்றாகப் பாடியதா என்று நான் வெட்கமில்லாமல் மக்சிக்கைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி மட்டும், "வேணாம் புள்ள, நிறுத்திடு" என்றார். நிறுத்துவதாவது. சாயங்காலம் மக்சிக் ரேடியோ போடுகிறார், அவர் பயப்படக் கூடாது, அவ்வளவுதானே? பழகுவதைக் காலைக்கு மாற்றினேன். காலையில் அவர்கள் வீட்டில் ரேடியோ போடுவதில்லை. அண்ணனும் சீக்கிரமே கிளம்பிவிடுவார். அலுவலக ஆட்கள் எல்லாரும் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நின்று ரேடியோ தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்று உத்தரவு. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்ததால் அது இருட்டும் வெளிச்சமும் கலந்த நேரம். ரேடியோவில் பயிற்சிக்குப் பியானோ வாசிப்பார்கள். ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணிக்கை. எனக்குத் தாளத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அந்தப் பியானோவோடு சேர்ந்து வாசித்துப் பழகினேன். நாலு காலை. நாலாவது காலை முதல்தடவையாக ஒரு தப்பு இல்லாமல் முழுப்பாட்டும் வந்தது.

மைதானத்தில் ஒலிபெருக்கி இருந்தது. ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒரு ரேடியோ இருந்தது. அந்த ரேடியோவும் அதே நிலையத்தில்தான் இருந்தது. இத்தனை படித்தவள் நான், இதை யோசிக்கவில்லை.

மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மூணு நாளா லேசா ஒரு விசிலு கேட்டுச்சு, யாரும் கண்டுக்கல. இன்னைக்குப் பாருங்க, பியானோ கூடவே கணீர்னு பாடுது. கைய மேல தூக்குனா அதுவும் மேல போவுது. எறக்குனா எறங்குது. முன் வரிசைல ஒருத்தன் சிரிச்சிட்டான். மேடைல இருந்த ஜப்பான் ஆபீசருக்கு, யாரோ வாயால விசிலடிக்கிறான்னு சந்தேகம். எறங்கி வந்து ஒவ்வொருத்தன் ஒதட்டையும் உத்துப் பாக்குறாரு. நாங்க எல்லாம் வாய இறுக்கி மூடிட்டு கைய மட்டும் ஆட்டுறோம். விசிலு நிக்கவே இல்ல!"

நானும் அண்ணியும் சிரிக்கவில்லை.

"என்னாச்சு ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டுவிட்டு அவரே அடங்கினார். "சரி, சிரிக்கிற விஷயம் இல்லதான். யாரோ திருட்டு வயர்லெஸ் வெச்சு சேதி அனுப்புறான்னு சொல்றாங்க. கண்டுபிடிக்கிற பொறுப்ப என் தலைல கட்டிட்டாங்க. மூணு நாளு."

"கண்டுபிடிக்கலேன்னா?" என்றார் அண்ணி.

"ராணுவப் போலீஸ் வரும். நாங்கன்னா பெட்டியத் தேடுவோம். அவங்க ஆளத் தேடுவாங்க."

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியதில்லை. சிற்றலை ரேடியோவை ஒளித்து வைத்திருந்ததாக எங்களுக்குத் தெரிந்த ஒருவரைக் கிளேபாங்கிலிருந்து கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் மனைவி தினமும் காவல் நிலைய வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்புகிறார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குமிழைத் திருப்பிச் சீழ்க்கையை அடக்கி, ஏரியல் துண்டைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன். சத்தம் இல்லாவிட்டால் தேட முடியாது, மூன்று நாள் கழிந்தால் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அண்ணன் மரச்சட்டத்தில் கம்பி சுற்றி, அதை ஒரு சின்ன ரேடியோவோடு இணைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிந்தார். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். சத்தம் இருந்தால்தானே? கோயில் பக்கம், கடைத்தெரு, பத்து பெரெண்டாம் போகிற சாலை வரைக்கும் போய்விட்டு இரண்டாம் நாள் சாயங்காலம் வேர்வையில் நனைந்து வந்தார். காலில் செருப்பு அறுந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல. நான் தேடுறேன்னு தெரிஞ்சி அடக்கிட்டான்," என்றார். "இதான் ரொம்ப மோசம். கோளாறான பெட்டின்னா நிக்காம கத்திட்டே இருக்கும். தேடுனா அடங்குதுன்னா, உள்ள ஒரு ஆளு இருக்கான்னு அர்த்தம். ஆபீசர் இதையேதான் சொன்னாரு. இன்னொன்னும் சொன்னாரு. தேடுறவன் வீட்டிலேருந்தே சேதி போனா, அடங்கத்தான செய்யும்?"

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. அலுவலகத்தில் தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை அப்படித்தான் எங்களுக்குச் சொன்னார்.

"அண்ணே, அது நான்தான்," என்றேன்.

எழுந்து கொல்லைப்பக்கம் போனார். முகம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே, "எந்தப் பாட்டு அது?" என்று கேட்டார். சொன்னேன். "ம். காந்தாரம் கொஞ்சம் தூக்கல்," என்றார்.

பிறகு பெட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தார். அந்தக் குமிழைச் சுழற்றினார். அது தங்குதடையில்லாமல் சுழன்றது. அவர் முகம் மாறியது.

"இதுல நான் மெழுகு வெச்சிருக்கணும்," என்றார். "இந்த மாதிரிப் பெட்டி வந்தா குமிழுக்கும் மெழுகு ஊத்திப் பூட்டணும்னு ரூலு. ஊரு பூரா ஊத்துனேன். நம்ம வீடுதானே, நெலையம் சரியா கேக்காதேன்னு இதுக்கு மட்டும் விட்டுட்டேன். முத்திரைல இருக்கறது என் கையெழுத்து."

"இப்ப ஊத்திடுங்க," என்றேன்.

"ஊத்திட்டு? ஒண்ணும் கெடைக்கலேன்னு போய் நிக்கவா? நாளன்னைக்கு இந்தத் தெருவுல வீடு வீடா எறங்குவாங்க. நம்ம வீட்டோட முடியாது. மக்சிக் ரேடியோவுக்குச் சாம்பிராணி போட்டாங்கன்னா அதையும் சேதின்னுதான் நெனைப்பாங்க."

அண்ணிதான் பேசினார்.

"என்னங்க, வீட்டுல இருக்கிற பொம்பளைங்களும் தெனம் காலைல ரேடியோ முன்னால நின்னு தேகப்பயிற்சி செய்யணும்னு நோட்டீஸ் ஒட்டுனாங்கல்ல?"

"ஒட்டுனாங்க. யாரு செய்றா?"

"நாங்க செஞ்சோம்."

அண்ணனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எனக்கு உடனே புரிந்தது, எழுந்து குதித்தேன். பெட்டியின் குமிழ் பூட்டாமல் இருந்தது, அது உண்மை. அளவு மீறித் திரும்பியிருந்தது, அதுவும் உண்மை. முன்னால் நின்று கையைத் தூக்கினால் சீழ்க்கை ஏறும், இறக்கினால் இறங்கும், அதுவும் உண்மை. மைதானத்தில் கையோடு சேர்ந்து அது ஏறி இறங்கியதற்கு இதைவிட நல்ல விளக்கம் ஜப்பானிலேயே கிடைக்காது.

"மெழுகு வெக்காத குத்தம் உங்க மேல நிக்குமே," என்றேன்.

"அது நிக்கட்டும். அது என் குத்தம்தான். செய்யாத குத்தத்துக்குத்தான் பயம்." அண்ணன் அண்ணியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "பொய்யக் கொஞ்சமா சொல்ற நீ."

மறுநாள் விடிந்ததும் ஒத்திகை பார்த்தோம். அப்போதுதான் புதிய கஷ்டம் தெரிந்தது. என் கைக்குச் சுரம் பழகிவிட்டது. பயிற்சிக்காகக் கையை வீசினாலும் அது தானாகப் போய்க் காந்தாரத்தில் நின்றது, பஞ்சமத்தில் நின்றது. வாசிக்கத் தெரியாதவள் மாதிரி வாசிப்பது, வாசிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நீ தேகப்பயிற்சி பண்றியா, கச்சேரி பண்றியா?" என்றார் அண்ணி. "கைய மரக்கட்ட மாதிரி வெச்சிக்க. என்னப் பாரு."

அண்ணியின் கை வயிற்றைத் தாண்டிச் சிரமப்பட்டு ஏறியது. சீழ்க்கை எருமை மாதிரி கத்தியது. அதைப் பார்த்துப் பார்த்து நானும் கெட்டுப்போகக் கற்றுக்கொண்டேன்.

அண்ணன் அலுவலகத்துக்குப் போய், கிடைத்துவிட்டது, என் வீட்டிலேயே கிடைத்தது என்று சொல்லிவிட்டார். ஆபீசர் வரவில்லை. அலுவலகத்தின் ஜப்பானிய டெக்னீஷியனை அனுப்பினார். கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். முப்பது வயது இருக்கலாம். வாசலில் பூட்சைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் குனிந்து வணங்கினோம். அவருக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்.

பெட்டியைத் திறந்தார். சிற்றலைச் சுருள் இல்லை என்று பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். குமிழைச் சுழற்றிவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ரேடியோவைப் போட்டு, குமிழைத் திருப்பிச் சீழ்க்கையை வரவழைத்து, எங்களை நோக்கிக் கையைக் காட்டினார். செய்யுங்கள்.

செய்தோம். எட்டு எண்ணிக்கை, மறுபடி எட்டு. சீழ்க்கை கத்தியது, இறங்கியது, வழுக்கியது. ஒரு சுரம் சுத்தமாக இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் கெடுத்ததில்லை. அண்ணன் சுவரோரம் அசையாமல் நின்றார்.

"லாகி," என்றார் அவர். இன்னொரு தடவை. "நீ மட்டும்."

தனியாகச் செய்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாக்குக்கட்டிக் கோடுகள்! ஏரியலை ஒளித்தேன், பத்திரிகையை ஒளித்தேன், பெட்டியின் தூசியைக்கூடத் துடைத்தேன். தினமும் பார்த்துப் பார்த்து அந்த ஆறு கோடும் எனக்கு மேசையின் பாகமாகவே ஆகிவிட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே தமிழ் எழுத்து வேறு.

"இனி அபா?" இது என்ன?

"எண்ணிக்கை," என்றேன் மலாயில். "தேகப்பயிற்சிக்கு."

அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "சத்து, டுவா, தீகா..." ஆறில் நின்றார். பிறகு இரண்டு கையையும் தூக்கி எட்டு விரலைக் காட்டினார். பயிற்சிக்கு எட்டு எண்ணிக்கை. ஆறு அல்ல.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணி, மக்சிக்கிடம் பழகிய மலாயில், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: ஆறு வரைக்கும்தான் தன்னால் முடியும், ஏழுக்கும் எட்டுக்கும் குனிய வேண்டும், இந்த வயிற்றை வைத்துக்கொண்டு குனிய முடியவில்லை, அதனால் ஆறோடு நிறுத்திக்கொள்கிறோம், அது தப்பென்றால் மன்னிக்க வேண்டும்.

அவர் அண்ணியின் வயிற்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மேசைக்கு முன்னால் வந்து நின்று, தன் வலது கையை முதல் கோட்டுக்கு நேர்மேலே நீட்டினார். ஏரியல் துண்டு இல்லாததால் சுரங்கள் கொஞ்சம் தள்ளியிருந்தன. அதையும் அவர் காது சரிசெய்துகொண்டது. கையை மெல்ல நகர்த்தினார். இரண்டாவது கோடு. மூன்றாவது. அங்கே கொஞ்சம் நின்றது. காந்தாரம் தூக்கலாக இல்லை. அப்படியே நான்காவது, மறுபடி மூன்றாவது. பிள்ளைகள் பாட்டில் ஒன்றின் முதல் அடி, பாதிவரை.

"சுடா," என்றார். போதும். உள்ளங்கையால் மேசை விளிம்பைத் துடைத்தார். ஆறு கோடும் போயிற்று. ரேடியோவை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, அலையைக் கிளப்பிய வால்வை, அந்தக் கண்ணாடிக் குழலை, பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குமிழுக்கு மெழுகு ஊற்றும்படி அண்ணனிடம் சொன்னார். பூட்சை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் எங்களைக் காப்பாற்றினாரா, அல்லது ஒரு வால்வு கிடைத்தால் போதும் என்று போனாரா, எனக்குத் தெரியாது. இரண்டுமாகவும் இருக்கலாம். அந்த வால்வு இப்போது எங்கே என்ன பாடுகிறது என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அவர் எழுதிய அறிக்கையில், மெழுகு வைக்காத பெட்டி, வேறொன்றும் இல்லை என்று இருந்ததாம். ஆபீசர் எல்லார் முன்னிலையிலும் அண்ணனைக் கன்னத்தில் இரண்டு அறை அறைந்து, முத்திரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது குருபோங் பக்கம் தந்திக்கம்பம் ஏறுகிற வேலை. கன்னம் மூன்று நாளில் சரியாகிவிட்டது. அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. "மேல காத்து நல்லா வருது" என்று மட்டும் சொன்னார். தெருவில் யார் வீட்டுக்குள்ளும் யாரும் இறங்கவில்லை.

நான் இரண்டு வாரம் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. அண்ணன் கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம், இனி இந்த விளையாட்டே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அவரே கம்பத்திலிருந்து இறங்கி வந்த அழுக்குக் கையோடு பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"இன்னொரு வால்வு உள்ள இருக்குல்ல?"

"கடைசி வால்வு. அது வெறும் சத்தத்தப் பெருசாக்குறது."

"அதால அலை கெளப்ப முடியாதா?"

"கெளப்பினா மறுபடி மைதானத்துல கேக்கும்ணே."

"அப்ப மைதானத்துல கேக்காத மாதிரி ஒண்ணு யோசி," என்றார். "வீட்டுக்குள்ள நீ என்னா வேணா பாடு. பக்கத்து வீட்டு ரேடியோவுல கேக்கக் கூடாது. அவ்வளவுதான். கேட்டுச்சுன்னா நானே ஒடைச்சிப் போட்டுருவேன்."

ஒரு மாதமாக அந்த நிபந்தனையைத்தான் மெல்லுகிறேன். அதை மெல்ல மெல்ல, நான் தொடக்கத்திலேயே வழி தவறிப் போயிருக்கிறேன் என்று தெரிகிறது. காதுக்குக் கேட்கிற ஒரு சத்தத்தை உண்டாக்க, வானத்தில் போகிற இரண்டு அலைகளை மோதவிட்டேன். எதற்கு? வால்வு காதுக்குக் கேட்கிற வேகத்திலேயே நேராக அதிர்ந்தால் போதுமே. அந்த அதிர்வு ஏரியல் ஏறிப் பறக்காது. ஒலிபெருக்கிக்குள் பாடிவிட்டு அங்கேயே அடங்கிவிடும். பெட்டிக்குள் நடுவில் இரும்பு வைத்த ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சும்மா கிடக்கிறது. வால்விலிருந்து வெளியே வருவதை அதன் வழியாக மறுபடி வால்வுக்குள்ளேயே ஊட்டினால் அது கத்தியே தீர வேண்டும்.

காற்றில் கையசைக்கிற வித்தை அதில் வராது. அதற்காக முதலில் அழுகை வந்தது. ஆனால் வழுக்கல் வேண்டும். வழுக்கல் இல்லாவிட்டால் எனக்கு இந்த வாத்தியமே வேண்டாம். சுருதியை ஏற்றி இறக்க, மின்சாரத்தைத் தடுக்கிற ஒன்று வேண்டும். தடை கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். கடையில் அப்படிச் சாமான் கிடைக்கிற காலமா இது? நேற்று அண்ணிக்குப் பிள்ளைத்துணி தைக்க அளவு குறித்துக்கொண்டிருந்தபோது கையில் பென்சில் இருந்தது. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் தயங்கித் தயங்கிக் கடத்தும். அப்படியானால் காகிதத்தில் ஒரு முழ நீளத்துக்கு அழுத்தமாக ஒரு பென்சில் கோடு. கோட்டின் ஒரு முனையில் ஒரு கம்பி, இன்னொரு கம்பி ஒரு சின்னச் செப்புத் தகட்டில். தகட்டைக் கோட்டின் மேல் இழுத்துக்கொண்டே போனால் தடை படிக்குப் படி தாவாது, வழுக்கிக்கொண்டு மாறும்.

வேலை செய்யாமலும் போகலாம். கோடு சீக்கிரம் தேய்ந்துபோகலாம். ஈரக்காற்றில் காகிதம் நமுத்துச் சுருதி ஓடலாம். அண்ணி, "காயிதத்துல பாட்டு வரும்னா மளிகைச் சீட்டுல இந்நேரம் மோளம் கேட்டிருக்கணும்" என்கிறார். மக்சிக்கிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த தடவை தன் ரேடியோவைத் தானே போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சத்தமாவது வருகிறதா என்று காவல் பார்க்கிறாராம்.

நாளைக் காலை மின்சாரம் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை வால்வோடு ஈயம் வைத்துப் பற்றவைப்பேன். மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறேன்: கெட்டிப் பென்சிலில் ஒன்று, மெத்தென்ற பென்சிலில் ஒன்று, இரண்டையும் கலந்து ஒன்று. கெட்டிப் பென்சிலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். முதலில் ஒரே ஒரு சுரம் வரட்டும். மக்சிக் தன் வீட்டிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை என்று கையசைக்கட்டும். அதற்குப் பிறகு தகட்டை மெல்ல நகர்த்துவேன்.